தெலுங்கில் வந்த வசனம்

டிவியில் தமிழில் ஓடிய படத்தின் அந்த சூப்பர் ஹீரோவைப் பார்த்ததுமே பிரபாவதிக்குப் பிடிக்கவில்லை. கண்ணை மட்டும் மறைக்கிற ஒரு துண்டு முகமூடி. அதைப் போட்டுக்கொண்டால் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாதாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

"கொரலு கூடவா தெரியாது, பாவா?"

"சும்மா பாரேன். இனிமேதான் சண்ட," என்றான் புருஷன் கோதண்டபாணி.

இந்தப் படம் அவனுக்கு இரண்டாவது தடவை; முதலில் தியேட்டரில் பார்த்தது. மாதம் ஒருநாள் திருத்தணியில் கரண்டை நிறுத்துவார்கள். வீட்டு விசைத்தறி ஓடாது. அவன் சினிமாவுக்குப் போய்விடுவான். கரண்ட் இல்லாத ஊரில் எந்தத் தியேட்டர் ஓடும் என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஜெனரேட்டர்ல ஓட்றான்" என்றான். அப்போதே அவளுக்கு உறுத்தியது.

டிவியில் ஹீரோ வாயைத் திறப்பதற்குள் கோதண்டபாணி அந்த வசனத்தைச் சொன்னான். தெலுங்கில். அடுத்ததையும் தெலுங்கிலேயே சொன்னான். வீட்டில் இரண்டு பாஷையும் புழங்கும்தான். ஆனால் திருத்தணியில் இந்தப் படம் தமிழில்தான் ஓடியது; பஸ் ஸ்டாண்டில் போஸ்டரை அவளே பார்த்தாள். தெலுங்கில் பார்க்க ஆந்திர எல்லையைத் தாண்டி நகரிக்குத்தான் போக வேண்டும்.

நகரி என்ற பேரையே அவன் இரண்டு வருஷமாக வாயில் எடுத்ததில்லை, மகள் விஜி தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கே போனதிலிருந்து. அவளைப் பார்க்கவோ பேசவோ கூடாதென்று பிரபாவதியிடம் மலைமேல் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கியவன் அவன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் காப்பாற்றி வந்தாள். அப்படியானால் நகரியில் வேறு எவளோ இருக்கிறாள்.

டிவியை அணைத்தாள்.

"நகரியில யாரப் பாக்கப் போறீங்க?"

"இன்னாடி உளர்றே?"

"யாரு அவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "விஜிதான்டி. அவதான் டிக்கெட் எடுப்பா. படம் பாத்துட்டு, டிபன் சாப்ட்டு வந்துருவேன்."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்பறம் என்னாண்ட எதுக்கு சத்தியம் வாங்கினே?" ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"நா ஒண்ணும் சத்தியம் பண்ணலியே."

இந்த மனுஷனை என்னதான் செய்வது!

"என்னியக் கேட்டாளா?"

"ஒவ்வொரு வாட்டியும் கேக்கறா."

"நீ இன்னா சொன்னே?"

"அம்மாவுக்கு இன்னும் கோவம் ஆறல, ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுதுன்னு சொல்லிகினு இருக்கேன்."

பிரபாவதி கையை நீட்டினாள்.

"போனக் குடு."

"சத்தியம்..." என்று இழுத்தான்.

"அத முருகங்கிட்ட நா பேசிக்கிறேன். நீ நம்பரப் போடு."