பின்வாசலில் ஒரு கல்கிண்ணம்

பெரியநாயகிக்கு நாள் முழுக்க வாயைத் திறக்க ஒரு காரணமும் கிடைப்பதில்லை. புருஷன் சுரங்க வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பதிலாக இவளுக்கு ஆபீசில் ஒரு வேலையும் நகரியத்தில் ஒரு குவாட்டர்ஸும் கிடைத்தன. பிள்ளைகுட்டி இல்லை. பக்கத்துக் குவாட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது, எதிர்வீட்டுக்காரர்களும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். சாயங்காலம் வீட்டில் குரல் கொடுப்பது குக்கர் மட்டும்தான்.

அப்படிப்பட்டவள் வீட்டுப் பின்பக்கம், பலாமரத்தடி மண்ணைப் பிளந்துகொண்டு முழங்கால் உயரத்தில் ஓர் ஆள் ஏறி வந்தால் அவள் கூச்சலா போடுவாள்? உள்ளே போய் மணை எடுத்துவந்து போட்டாள்.

“வணக்கம் சார்” என்றான் அவன். உடம்பெல்லாம் பழுப்பு நிலக்கரித் தூள். “எங்க வூட்டுக் கூரைய மிஷினு வாரிகினே போவுது. யார்கிட்ட கம்ப்ளெயின்ட் குடுக்கணும்?”

பூமிக்கடியில் குடியிருக்கும் ஜனம் அது. சுரங்கத் தொழிலாளிகள் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் தமிழ் கற்றார்கள். அதனால் அவனுக்கு உலகத்தில் எல்லாரும் சார்தான். பேர் மொத்தையன். மேலே இருப்பவர்கள் அவன் ஜனத்துக்குப் பரம்பரைப் பகை.

“சாரும் இல்ல மோரும் இல்ல, அக்கான்னு கூப்புடு. சாப்ட்டியா?”

“கம்ப்ளெயின்ட்டு…”

“சாப்ட்டுட்டு சொல்லு.”

ரசம் சோற்றில் கம்ப்ளெயின்ட் கரைந்துபோனது. அன்றிலிருந்து சுரங்கத்தில் சாயங்காலச் சங்கு ஊதினால் மொத்தையன் ஆஜர். அந்தச் சங்கை மேல்ஜனத்தின் போர் முழக்கம் என்றுதான் கீழே இத்தனை காலமும் நம்பியிருந்தார்களாம்.

“ஊதுனாக்கா பானைக்குள்ள பூந்துக்குவோம், அக்கா சார்.”

“அட பாவமே! அது ஷிப்டு முடிஞ்சிபோச்சின்னு ஊதுறதுடா.”

“வூட்டுக்குப் போன்னு சொல்றதுக்கா இவ்ளோ கோவம்?”

பெரியநாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஒரே ஒரு குறை. சோறு போட்டுக் கொடுத்தனுப்பும் டிபன் பாக்ஸ் மறுநாள் வெறுமனே திரும்பி வரும். ஒரு கல் உப்பாவது போட்டுத் தரக் கூடாதா, என்ன வளர்ப்போ என்று மனசுக்குள் பொருமுவாள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சொல்லி, அவன் வராமல் போய்விட்டால்?

ஒருநாள் அவன் கல்கிண்ணம் நிறையச் சுட்ட கிழங்கு கொண்டுவந்தான். உப்புப் போட்ட மண்ணைத் தின்பது போல இருந்தது. ஒன்று விடாமல் தின்றாள். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, நல்ல வெல்லமாகப் பார்த்து விளிம்புவரை நிரப்பி, மரியாதை தெரிந்தவள் என்ற பெருமையோடு நீட்டினாள்.

மொத்தையன் முகம் செத்துப்போனது. வெல்லத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “சரிங்க சார்” என்றான். ‘அக்கா’ என்ற வார்த்தையைக் காணோம். கிண்ணத்தோடும், அவள் திணித்த டிபன் பாக்ஸோடும் இறங்கிப் போனவன் அப்புறம் வரவே இல்லை.

சங்கு ஊதும், அவள் பின்வாசலுக்கு ஓடுவாள், எறும்புகள்தான் இருக்கும். புருஷன் செத்தபோதுகூட இப்படித் தனியாகிப்போனதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவர் சொல்லாமல் செத்தார். இவன் சரிங்க சார் என்று சொல்லிவிட்டல்லவா போனான்!

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழியிலிருந்து ஏறி வந்தது அவனல்ல, அவர்களுடைய தலைவி, கட்டாந்தரை என்று பேர். குண்டுக் கிழவி. கல்கிண்ணத்தைத் தரையில் டொக்கென்று வைத்தாள். வெல்லம் தொடாமல் இருந்தது.

“எங்க புள்ள என்னா தப்பு பண்ணான்? அவன் கிண்ணத்த நெறச்சித் திருப்பிக் குடுத்துட்டீங்களே!”

“நெறச்சிக் குடுத்தா என்னாங்க?”

“தீந்துபோச்சி, இனிமே எங்க படி மிதிக்காதேன்னு அர்த்தம். வாங்குன ஏனத்த வெறுமனே திருப்பிக் குடுத்தாதான் மறுபடி வருவேன்னு அர்த்தம்.”

பெரியநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். “எங்களுக்கு வெறுமனே குடுத்தாதாங்க அவமானம்!”

“என்னா ஜனமோ!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெரியநாயகி வெல்லத்தைக் கொட்டிவிட்டு வெறுங்கிண்ணத்தை எடுத்தாள். பிறந்ததிலிருந்து யாருக்கும் வெறும் பாத்திரம் கொடுத்து அறியாதவள். நீட்டினாள். கட்டாந்தரை அதை மாரோடு அணைத்துக்கொண்டாள். “ரெண்டு ஜன வழக்கத்தையும் அவன்கிட்ட சொல்றேன். நாளைக்கி வருவான்” என்றாள்.

மறுநாள் பார்த்து ஆபீஸ் பஸ் தாமதம். சங்கு ஊதி அடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். துவைக்கிற கல்லின் மேல் அவள் டிபன் பாக்ஸ் இருந்தது. பளபளவென்று தேய்த்து, மூடி மூட முடியாமல் கிழங்கு நிரப்பியிருந்தது. ஆளைக் காணோம்.

யாருடைய வழக்கப்படி நிரப்பினான்? இவளுடையது என்றால் மரியாதை. அவனுடையது என்றால் தீர்ந்துபோச்சு. குழிக்குள் குனிந்து கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. காலி செய்து குழி வாசலில் வைக்கலாம், அவன் வழக்கப்படி அதற்கு மறுபடி சந்திப்போம் என்று அர்த்தம். இவள் வழக்கத்தைப் படித்துவிட்டிருந்தால் அதையே அவமானம் என்று எடுத்துக்கொள்வானே! பதிலுக்கு நிரப்பி வைக்கவும் பயம்.

பெரியநாயகி உட்கார்ந்து கிழங்கைத் தின்றாள். பாதியில் நிறுத்தினாள். மீதியோடு பாக்ஸைக் குழி வாசலில் வைத்துவிட்டு, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாதி வைத்தால் என்ன அர்த்தம் என்று மேலேயும் கீழேயும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அவன் ஏறி வந்து அவளைத்தான் கேட்க வேண்டும்.