பாதி ஊதா, பாதி மஞ்சள்

இந்துமதியின் வீட்டுக் கடல்மீன் தொட்டியில் ஃபயர்ஃபிஷ் ஒன்று இருந்தது. விரல் நீளம். வெள்ளை உடம்பு வால் பக்கம் போகப்போகச் சிவக்கும். மகா கூச்சம். யாராவது கதவைத் திறந்தால் போதும், பாறைக்கடியில் உள்ள பொந்துக்குள் பாய்ந்துவிடும். வாங்கிவந்த புதிதில் அது செத்தேவிட்டதென்று நினைத்தாள். முதலிபாளையத்தில் இருக்கும் தங்கள் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பியதும் தொட்டிக்கு எதிரே ஆடாமல் அசையாமல் உட்காருவாள். பல மாதம் கழித்து ஒரு மாலை, அது வெளியே வந்து முதுகுத் துடுப்பை நிமிர்த்திக்கொண்டு, அவள் கண்முன்னாலேயே இறால் துணுக்கைக் கவ்வியது. உடனே கணவன் செந்தில்வேலுக்குப் போன் போட்டாள்.

"இதுக்கா போன் பண்ணுனே?" என்று அவன் சிரித்தான்.

கண்புரை ஆபரேஷனுக்காக அவளுடைய அப்பா ஆறுச்சாமி கொமரலிங்கத்திலிருந்து வந்து தங்கினார். பொழுதுக்கும் தோட்டத்தில் நடந்தவரை, குனியக்கூடாது, தூசியில் போகக்கூடாது என்று டாக்டர் உட்கார வைத்துவிட்டார். மகளும் மருமகனும் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு அவருக்குத் தொட்டிதான் துணை. உள்ளே பாறையும் பவளமும் நத்தையும்தான் தெரிந்தன.

"இத்தனை பாடுபட்டு வெச்சிருக்கிற, மீனைக் காணமே கண்ணு."

"இருக்குதுங்கப்பா. அதுக்குக் கூச்சம் சாஸ்தி."

மகள் தினமும் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். கண் தேறியதும் டிரைவரைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனார். பாதி ஊதா, பாதி மஞ்சளாக ஒரு மீன் வாங்கிவந்து, அவள் வருவதற்குள் பைத்தண்ணீரோடு தொட்டியில் ஊற்றிவிட்டார்.

"எப்பவும் வெளிய திரியற மீனாக் குடுங்கன்னு கேட்டு வாங்குனேன். எப்படி இருக்குது பாரு."

அது டாட்டிபேக் என்ற முரட்டு வகை. தன் இடமென்று ஒன்றைப் பிடித்துவிட்டால் பக்கத்தில் எதையும் அண்டவிடாது. கூச்ச மீனோடு அதைச் சேர்க்கவே கூடாது. இந்துமதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்கப்பா."

மறுநாளே அது பொந்தைப் பிடித்துக்கொண்டது. ஃபயர்ஃபிஷ் மேல்மூலையில், மோட்டாருக்குப் பின்னால் ஒண்டியது. இறாலைப் போட்டால் ஒரு சாண் இறங்கும். ஊதா மீன் பாய்ந்து வரும். உடனே ஃபயர்ஃபிஷ் இரையை அப்படியே விட்டுவிட்டு மூலைக்கே ஓடும். வால் கிழிந்து நார் நாராகத் தொங்கியது.

தண்ணீர்ப் பாட்டிலை வெட்டிப் பொறி வைத்தாள். நத்தை விழுந்தது. வலையை விட்டாள். ஊதா மீன் பாறை இடுக்கில் மறைந்தது, பயந்த மீன் இன்னும் பயந்தது. மீன் வாங்கிய கடைக்காரரிடம் கேட்டபோது, "பாறையப் பூராவும் வெளிய எடுத்தாத்தானுங்க சிக்கும்" என்றார். பவளங்கள் பாறைக்குப் பாறை படர்ந்து ஒட்டியிருந்தன. எடுத்தால் எல்லாம் உடையும். அதையும் அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதா எடுப்பது?

"உங்கப்பாகிட்டச் சொல்லிரு இந்து" என்றான் செந்தில்வேல்.

"எப்படீங்க சொல்றது? காலைல எந்திரிச்சதும் அதைத்தானுங்க பாக்குறாரு."

ஒருமுறை துணிந்து ஆரம்பித்தாள். "அப்பா, இந்த மீனு கொஞ்சம் முரடுங்க."

"ஆமா கண்ணு, நல்ல சுறுசுறுப்பு. அந்தக் கூச்சக்காரனும் இதைப் பாத்துப் பழகிக்குவான்."

ஃபயர்ஃபிஷ் பயத்தில் வெளியே குதித்துவிடாமல் தொட்டிமேல் வலையடித்த மூடி போட்டாள். மோட்டார் ஒயர் போகிற சந்தை டேப்பால் ஒட்டினாள். உப்பு ஈரத்தில் டேப் நிற்கவில்லை. திரும்ப ஒட்டினாள்.

ஷிப்மெண்ட் நெருக்கடியில் நேரமாகி வந்த ஒரு நாள், அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளங்கையை விரித்தார். ஃபயர்ஃபிஷ் காய்ந்து சுருண்டிருந்தது.

"தொட்டிக்குப் பின்னாடி கெடந்துச்சு. நூலுன்னு நெனச்சு எடுத்தேன். ஏங்கண்ணு குதிச்சுது?"

"தெரியலீங்கப்பா."

"நான் இங்கயேதான் இருந்தேன். சத்தமே கேக்கலியே." "கேட்டிருந்தா எடுத்து உட்டிருப்பேன்."

"நீங்க என்னங்கப்பா பண்ணுவீங்க?" என்று மீனை வாங்கிக்கொண்டாள். அதற்கு எடையே இல்லை.

சாப்பிடும்போது அவரே மறுபடி பேச்செடுத்தார். "அது தனியா இருக்குதே. இன்னொண்ணு வாங்கியாரட்டுமா?"

"வேண்டாங்கப்பா" என்றாள். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போய்விட்டார். பாறையை எடுக்க இப்போது தடையில்லை, ஆனால் எடுப்பதற்குக் காரணமும் இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் முதலில் மீனைத்தான் விசாரித்தார். இந்துமதி மூடியைத் திறந்தால் ஊதா மீன் கண்ணாடியோரம் ஓடிவந்து, அவள் விரல்நுனியிலிருந்தே இறாலை வாங்கித் தின்றது. நல்ல திடமான மீன். அதை வீடியோ எடுத்து அனுப்பினாள்.

"இங்க வந்தவங்க எல்லாத்துக்கும் காட்டுனேன் கண்ணு" என்றார் அப்பா. "உன்ற கையிலயே வந்து திங்குதே."

"ஆமாங்கப்பா" என்றாள்.