பவளத்தின் மேல் விழுந்த பழி

...அழகுக்குத்தான் சார் இதெல்லாம், வேலைக்கு ஆகாது, என்று சொல்லிவிட்டுப் போனானே அந்த மீன்தொட்டிக் கம்பெனிக்காரன், போன வாரம், இதே இடத்தில் நின்று, என் மேஜைமேலேயே தன் சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ஊரில் உள்ள கடலுக்கெல்லாம் நீதிபதி மாதிரி... வேலைக்கு ஆகாதாம். இந்தப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் இரண்டு வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை பார்ப்பது இரண்டே ஜீவன்கள், ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பவளம், இன்னொன்று இந்தப் பக்கம் டோக்கன் கொடுக்கிற நான், இரண்டுமே வேலை பார்க்கிறதாக இதுவரை யாரும் ஒத்துக்கொண்டதில்லை. மணி மூன்றே கால். நான்கு மணிக்கு வந்துவிடுவான், வாளியோடும் சுரண்டியோடும், பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிற அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டு மெஷின் மாட்டப்போகிறான், காலியான இடத்தில் பிளாஸ்டிக் பவளம் வைப்பானாம். “சாகவே சாகாது சார், கேரண்டி” என்கிறான். உயிரே இல்லாதது எப்படியப்பா சாகும், இதற்கு ஒரு கேரண்டியா, நாற்காலிகூடத்தான் சாகாது, அதற்காக நாற்காலியைத் தண்ணீருக்குள் போட்டு வேடிக்கை பார்ப்போமா.

மெஷினாம் மெஷின்... முதலில் இருந்ததே, மறந்துபோய்விட்டதா டாக்டரம்மாவுக்கு, நுரை தள்ளுகிற அந்தப் பூதம், நாள் முழுக்க டர்ர்ர் என்று, உள்ளே அவர்கள் பல்லைக் குடைகிற சத்தம் எது, வெளியே மீன் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற சத்தம் எது என்று யாருக்கும் தெரியாது, உள்ளே ஆளே இல்லாத நேரத்தில்கூட வெளியே இருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கதவைத் திறந்தார், சத்தத்தைக் கேட்டார், அப்படியே மூடிவிட்டுப் போய்விட்டார், பல்வலியோடு. அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன், அம்மா, மென்பவளம் என்று ஒன்று இருக்கிறதாம், மீன் கழிப்பதில் தண்ணீரில் கரைந்து நிற்கிற அழுக்கை அதுவே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வளருமாம், வளர்ந்ததை நாம் வெட்டி எடுத்துவிட்டால் அழுக்கும் அதோடு வெளியே போய்விடுமாம், சத்தமே கிடையாது என்று. படித்தது அவ்வளவுதான், பேசியது பேராசிரியர் மாதிரி. வந்தது, வளர்ந்தது, சின்னச் சின்னக் கைகளை மூடி மூடித் திறக்கிற ஒரு வகை, காளான் குடை மாதிரி தோல்தடித்த ஒரு வகை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றுவேன், உப்பு கரைப்பேன், கத்தரியால் நறுக்குவேன். வீட்டில் இவள் கேட்பாள், “நம்ம வீட்டுக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது, அதுக்கு ஒரு வழியைக் காணோம், ஐயா அங்க சமுத்திரத்துக்கே வைத்தியம் பாக்குறீங்களாக்கும்?” சமுத்திரத்துக்கு என்னைப் பிடித்திருக்கிறது, குழாய்க்குப் பிடிக்கவில்லை, இதை எப்படி விளக்குவது.

இப்போது பார், பத்து நாளாக அந்தக் காளான் குடைக்காரன் மூடிக்கொண்டிருக்கிறான், மேலே மெழுகு மாதிரி ஒரு படலம், கண்ணாடியில் பச்சைப் பாசி, அந்தச் சின்னக் கைகள் மூடுவதும் இல்லை திறப்பதும் இல்லை, சும்மா தொங்குகின்றன... சட்டை உரிக்கிறதம்மா, பாம்பு மாதிரி, உரித்துவிட்டு மறுபடி விரியும், என்று நான் எத்தனை தடவை சொன்னேன். டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்கள், “உரிக்குதோ சாகுதோ, வர்றவங்க கண்ணுக்குச் செத்த மாதிரிதானே தெரியுது? பல்லுக்கு வந்தவங்க முன்னாடி இதை வெச்சா என் வைத்தியத்தைப் பத்தி என்ன நெனைப்பாங்க?” அந்தக் கம்பெனிக்காரன் குழாயில் தண்ணீர் வேறு ரத்தச் சிவப்பாக மாறித் தொலைத்தது, நைட்ரேட், அதாவது அந்தக் கரைந்த அழுக்கு, தலைக்குமேல் ஏறிவிட்டது என்று அர்த்தமாம். அவ்வளவுதான், தீர்ப்பு. இரண்டு வருஷம் ஊர் அழுக்கைச் சுமந்த பிராணிக்கு பத்து நாள் உடம்பு சரியில்லை என்றால் சுரண்டி, ஆள் மாற்று, பிளாஸ்டிக்... எனக்கு மட்டும் முதுகுவலி வந்தால் என்ன செய்வார்கள், இந்த நாற்காலியில் ஒரு பொம்மையை உட்கார வைப்பார்களா. வைப்பார்கள், டோக்கன் கொடுக்கிற பொம்மை வந்துவிட்டதாகத்தான் கேள்வி.

“அண்ணே.” லாரி ஓட்டுகிறவர், பன்னிரண்டாம் நம்பர், கடைவாய்ப் பல், கையைப் பார்த்தால் ஸ்டியரிங்கை வளைத்துவிடுவார் போல இருக்கிறது, அந்தக் கை டோக்கனைத் திரியாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. “அண்ணே, ஊசி ரொம்ப வலிக்குமா?” எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்றேன். “எந்த எறும்புண்ணே?” நல்ல கேள்வி, இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. பாவம், நெற்றியில் வேர்வை. இங்கே வாங்க, என்று தொட்டிப் பக்கம் கூப்பிட்டு, வழக்கம்போல மீன்தீனி டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினேன், ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுங்க, மீனு வர்றதைப் பாருங்க. தூவினார். ஆரஞ்சு மீன் இரண்டும் பாய்ந்து வந்தன, மனுஷர் முகம் அப்படியே குழந்தை மாதிரி மலர்ந்தது, “இன்னொன்னு போடட்டாண்ணே?” போடுங்க, என்றேன், அவர் சிட்டிகை என்பது நம் கைப்பிடி. பயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, உள்ளே கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே போனார். மருந்துக்கடையில் கிடைக்காத மருந்து இது, என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு, அழுகிற பிள்ளைக்கெல்லாம் ஒரு சிட்டிகை, பிள்ளையைவிட அதிகமாக அழுகிற அம்மாவுக்கும் ஒரு சிட்டிகை... மூடியைத் திருகும்போது டப்பா கையில் லேசாக இருந்தது. ஆட்டினேன். அடியில் கொஞ்சம் சத்தம். திங்கட்கிழமை உடைத்த டப்பா, ஒரு மாசத்துக்கு வர வேண்டியது. இன்றைக்கு வியாழன்.

திங்கள், செவ்வாய், புதன்... அவன் அன்றைக்குக் கேட்டானே, அந்தக் கம்பெனிக்காரன், “ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுறீங்க சார்?” ரெண்டு தடவை, என்றேன், காலையில் ஒன்று, கதவைப் பூட்டும்போது ஒன்று, கொஞ்சம்கூடத் தடுமாறாமல், நெஞ்சை நிமிர்த்தி. பொய் சொல்லவில்லையே, நான் போட்டது இரண்டு தடவைதான், மற்றவர்கள் போட்டது தீனி என்று எனக்குத் தோன்றவே இல்லை, அது வைத்தியம், அது கணக்கில் வராது... மீனுக்குமா வராது? தண்ணீருக்குமா? இன்றைக்குப் பன்னிரண்டு டோக்கன், அதில் பயந்தவர்கள் ஒன்பது, லாரிக்காரரைச் சேர்த்தால் பத்து, அவரை இரண்டாக எண்ண வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை வேறு, மூன்று வாரமாக ஒரே பிள்ளைகள். மீன் தின்றது பாதி, தின்னாதது பாறை இடுக்கில் அழுகியது பாதி, இத்தனை பேர் பயத்தையும் நான் சிட்டிகை சிட்டிகையாகப் பவளத்தின் தலையில் கொட்டிவிட்டு, ஏன் இப்படிச் சோர்ந்திருக்கிறாய் ராசா என்று கண்ணாடியில் மூக்கை வைத்துக் கேட்டிருக்கிறேன். அடப்பாவி. அவனைத் திட்டினேன், டாக்டரம்மாவைத் திட்டினேன், பிளாஸ்டிக்கைத் திட்டினேன், ஒரு வாரமாக வீட்டில் சோறுகூடச் சரியாக இறங்கவில்லை கோபத்தில்... இந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது, இந்த அறையில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தானே.

சொல்லிவிட்டால் போதும், தீனியை நிறுத்தி, பாசியை எடுத்து, தண்ணீரை மாற்றினால் அது தேறிவிடும், சுரண்டிக்கு வேலை இல்லை. ஆனால் சொன்ன அன்றே டாக்டரம்மா டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள், அப்புறம் அழுகிற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது. சொல்லாவிட்டால் மெஷின், அதற்கு எத்தனை சிட்டிகை என்றாலும் கவலையில்லை, டர்ர்ர்... கதவு திறந்தது. வாளிதான் முதலில் வந்தது, பின்னால் அவன், “என்ன சார், ஆரம்பிச்சிடலாமா?” அவனுக்குப் பின்னாலேயே ஒரு அம்மா, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, போன மாதம் பால்பல் எடுத்துக்கொண்ட அந்தச் சின்னப் பெண், கன்னம் வீங்கி, கண்ணில் தண்ணீர் தயாராக. வாளிக்காரனைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்தாள். நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன், திருடன் மாதிரி. ஒரு நிமிஷம் இருங்க தம்பி, என்றேன் அவனிடம், அன்னிக்கு எத்தனை தடவைன்னு கேட்டீங்களே, அது வந்து... அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான். அந்தச் சின்னப் பெண்ணோ, போன தடவை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே உள்ளங்கையைக் குழித்து, என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.