கரையிலிருந்து முதுகுதான் தெரியும்

அபிதகுஜாம்பாளுக்கு எச்சில் என்றால் ஆகாது. பேச்சுக்குச் சொல்லவில்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக விடைத்தாள் எண்ணுகிறவள் அவள். மற்றவர்கள் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். அவள் மட்டும் ஒரு கிண்ணத்தில் ஈர ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டு எண்ணுவாள். தபால் கவரை ஒட்டக்கூட நாக்கை நீட்டமாட்டாள். யாராவது வாய் வைத்துக் குடித்த பாட்டிலை அவள் மேஜையில் வைத்துவிட்டால் போச்சு, மேஜையையே அலம்பிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளைப் போய்க் கடல் பிடித்துக்கொண்டதே, அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எல்லாம் முதுகுவலியில் ஆரம்பித்தது. நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னார். சேலையூரில் ஒரு நீச்சல்குளத்தில் சேர்ந்தாள். முதல் மாதம் தண்ணீரைக் குடித்தாள், இரண்டாம் வருஷம் மூச்சு வாங்காமல் நாற்பது சுற்று நீந்தினாள். அதே சமயத்தில் பீரோவைத் துழாவும்போது காமிரா ஒன்று கிடைத்தது. கணவர் பட்டாபிராமன் காசி யாத்திரைக்கென்று வாங்கி, பத்துப் படம் எடுத்து, பத்திரமாக வைத்து மறந்துபோனது. அதை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் கோயில் விமானத்தை எடுத்தாள், ஏரியில் நாரையை எடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் நாரையும் எத்தனை நாளைக்குத்தான் ஒற்றைக்காலில் நிற்கும்?

போன வருஷக் கடைசியில் ஆபீஸ்காரர்கள் கூட்டமாகக் கோவளம் போனார்கள். மற்றவர்கள் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நேரத்தில் இவள் கடலைப் பார்த்தாள். தூரத்தில் ஓர் அலை எழுந்தது. அதன்மேல் ஒரு பெண், பலகை ஒன்றில் படுத்திருந்தவள், சட்டென்று எழுந்து நின்றாள். தண்ணீர்மேல் நின்றாள் ஐயா! நின்றபடியே அலையோடு ஓடிவந்தாள். அபிதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையிலிருந்த காபி சரிந்து புடவையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. சந்நிதியில் திரை விலகும் நேரத்தில் கைகள் தாமாகக் குவியுமே, அந்த மாதிரி அவள் கைகள் குவிந்திருந்தன என்று பக்கத்திலிருந்தவர்கள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துவிடுவாள். அகரம்தென் வழியாகப் போய் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் நேரே கோவளம்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். உன் ஸ்கூட்டர் எம்மாத்திரம்?" என்பார் பட்டாபிராமன், போர்வைக்குள் இருந்தபடியே.

"நான் பறந்தா நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்கோ" என்பாள் இவள்.

அலையில் நின்ற அந்தப் பெண்ணின் பெயர் ஜீவிதா. இருபது வயசு, கோவளம் குப்பத்துப் பெண். அவளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவன் சவுரிமுத்து. முன்பு மீன்பிடிக்கப் போனவன், இப்போது கடற்கரையில் சர்ஃபிங் பள்ளிக்கூடம் நடத்துகிறான். எட்டு மாதத்தில் ஜீவிதாவை ஆயிரம் படமாவது எடுத்திருப்பாள் அபிதா. அவற்றில் தேறிய ஆறைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஆடி மாதத்து ஒரு ஞாயிறன்று, ஜீவிதாவின் அம்மாவிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அம்மா சலேத்தம்மா கடற்கரைச் சந்தில் மீன் விற்கிறவள். நாலு வருஷத்துக்கு முன் அவள் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. படங்களைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இது என் பொண்ணா? கருப்பா, நெழலு மாரி கீது. யாரு வோணா இருக்கலாமே."

அபிதாவுக்குச் சுருக்கென்றது. சொன்னதில் பொய்யில்லை. கோவளத்தில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. கரையில் நின்று எடுத்தால் எதிர்வெயில், ஆள் கருப்பாகத்தான் விழுவாள். போதாக்குறைக்கு ஜீவிதா அலையைப் பார்த்தபடி சறுக்குகிறவள். கரைக்கு அவள் முதுகுதான் தெரியும்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன்" என்றாள் சலேத்தம்மா. "எங்க வூட்டுக்காரரு கரைக்கு வரசொல்ல நான் வலைய பாக்கமாட்டேன், மூஞ்சிய பாப்பேன். மூஞ்சி சொல்லிடும், கடலு அன்னிக்கி எப்பிடி இருந்துச்சின்னு. இவ மூஞ்சிய நான் எங்க பாக்கறது? இவ இன்னான்னா, சவுரிகிட்டயே வாத்தியார் வேலைக்கி சேர்றேன்றா. நான் கேளம்பாக்கத்துல துணிக்கடைல சொல்லி வச்சிக்கீறேன். நாளைக்கி வுட்டு அடுத்த திங்கக்கெயம சேரணும். அலைமேல நிக்கசொல்ல இவ மூஞ்சி எப்பிடி கீதுன்னு எனக்குக் காட்டு. பயம் தெரிஞ்சிச்சி, அதோட சரி. கடலுக்குக் குடுத்தது ஒண்ணு போதும்."

பின்னால் ஜீவிதா நின்றிருந்தாள். அபிதாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத் தட்ட யாரால் முடியும்? "அடுத்த ஞாயித்துக்கிழமை காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் அபிதா. கேளம்பாக்கம் தாண்டிய பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று உறைத்தது. முகம் தெரிய வேண்டுமானால் கடலுக்குள் இருந்து எடுக்க வேண்டும்.

சவுரிமுத்துவிடம் ஒரு டப்பா இருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, முன்னால் கவிழ்த்த கிண்ணம் போலக் கண்ணாடி. அதற்குள் காமிராவை வைத்துப் பூட்டிவிட்டால் கடலுக்குள்ளேயே படமெடுக்கலாம். அதிர்ஷ்டம், இவள் காமிரா அதில் கனகச்சிதமாக உட்கார்ந்தது.

ஞாயிறும் வந்தது. நீச்சல் சட்டை, தலைக்கவசம், காலில் வாத்து மாதிரி துடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றவளிடம் சவுரிமுத்து டப்பாவை நீட்டினான்.

"அக்கா, எறங்கறதுக்கு முன்னாடி கண்ணாடிய நல்லா நக்கிடுங்க."

"என்னது?"

"நக்கணும்க்கா. எச்சி பட்டாதான் தண்ணி முத்து முத்தா நிக்காம வழிஞ்சி பூடும். உள்ள போயும் அப்பப்ப நக்கிக்கினே இருக்கணும். நானும் அப்டித்தான். இந்த டப்பாவ எடுத்தவன் எல்லாம் அப்டித்தான்."

"எல்லாரும்னா… இதே கண்ணாடியவா?"

"பின்ன, ஆளுக்கொரு கண்ணாடியா?"

அபிதா டப்பாவை வாங்கி எட்டப் பிடித்தாள். சிவ சிவா என்று திரும்பிக்கொண்டாள். பையிலிருந்து பட்டாபிராமனின் பழைய வேஷ்டித் துண்டை எடுத்து, கண்ணாடியைத் துளி ஈரமில்லாமல் பளபளவென்று துடைத்தாள். தேய்த்த வெள்ளிச் சொம்பு தோற்றது போங்கள். சவுரிமுத்து தன் பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெரிய மனுஷியிடம் எத்தனை தடவைதான் நக்கு நக்கு என்று சொல்வது?

இறங்கினாள். நீச்சல்குளத்துத் தண்ணீர் சொன்னபடி கேட்கும். இந்தத் தண்ணீர் அவளைக் கேட்காமலே தூக்கியது, கேட்காமலே இறக்கியது. முதல் அலை முகத்தில் அறைந்தது. இரண்டாவதற்கு, சவுரிமுத்து சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் புகுந்தாள். தலைக்குமேல் அலை இடிபோல உருண்டு போவதை முதுகெலும்பால் கேட்டாள். வெளியே தலையை நீட்டித் திரும்பினால், அடேயப்பா, கரை எங்கேயோ கிடந்தது. தர்கா, மாதா கோயில், படகுகள், அவள் ஸ்கூட்டர் எல்லாம் கொலு பொம்மை அளவுக்குச் சின்னதாகிவிட்டன. இத்தனை நாள் கடல்தான் தூரத்தில் இருப்பதாக நினைத்திருந்தாள்.

"வர்றேங்க்கா!" என்று கத்தினாள் ஜீவிதா. அலை எழுந்தது, எழுந்து நின்றாள், வந்தாள். அபிதா பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பலகை சீறிப் போனது. அவசர அவசரமாகத் திரையைப் பார்த்தாள். பலகை இருக்கிறது, கால் இருக்கிறது, கை இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நீர்த்துளி.

சரி, போகட்டும் என்று கையால் துடைத்தாள். அடுத்த அலையில் ஒரு துளிக்கு மூன்று துளி. மூன்றாவதில் முகமே மாவாகக் கரைந்திருந்தது. துடைக்கத் துடைக்கத் துளிகள் வந்து உட்கார்ந்தன.

"வந்துச்சாக்கா?" ஒவ்வொரு முறையும் பலகையில் படுத்துக் கையால் துழாவித் திரும்பி வரும்போது ஜீவிதா கேட்டாள்.

"இன்னும் ஒண்ணு" என்றாள் அபிதா.

ஏழு தடவை இன்னும் ஒண்ணு சொன்னாள். ஜீவிதாவின் தோள்கள் சோர்ந்துவிட்டன. பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறினால் முகத்தில் நிழல்தான் விழும். நாளைக்குத் திங்கட்கிழமை.

சவுரிமுத்து தன் பலகையில் பக்கத்தில் வந்தான். "இன்னாக்கா, இன்னும் நக்கலியா?"

"எச்சில் பண்ணி எனக்குப் பழக்கமில்லப்பா."

"யக்கா, ஊரு உலகத்து ஆறு, சாக்கடை எல்லாம் இங்கதான் வருது. மீனு இங்கதான் துப்புது, நாங்க இங்கதான் துப்பறோம். இதுவரிக்கும் நீ நாலு மொடக்கு குடிச்சிக்கீற. கடலுக்கு இன்னா எச்சி, இன்னா தீட்டு? அந்தப் பொண்ணப் பாரு."

பார்த்தாள். படுத்திருந்த ஜீவிதாவின் கைகள் தண்ணீருக்குள் துவண்டு தொங்கின. அபிதாவுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பும் ஆசையும் என் நாக்கு நுனியில் நிற்கிறது, நான் மடி ஆசாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தூ! கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டப்பாவை முகத்தருகே கொண்டுவந்தாள். நக்கினாள். மேலிருந்து கீழ்வரை, ஓரம் விடாமல், கன்றுக்குட்டியைப் பசு நக்குகிற மாதிரி நக்கினாள். உப்பும் பிளாஸ்டிக்கும் கரித்தன. குமட்டல் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கண்ணாடியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். ஒரு துளி நிற்கவில்லை, அத்தனையும் வழிந்து ஓடிவிட்டன.

"ஜீவிதா! வாடிம்மா!" என்று கத்தினாள். விடைத்தாள் கட்டுக்கு நடுவே அப்படி ஒரு குரலை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அப்போது வந்ததே ஓர் அலை! அன்றைக்கு வந்ததிலெல்லாம் பெரியது அதுதான். முதலில் தொடுவானம் மேடிட்டது. மேடு சுவரானது. தண்ணீர் அபிதாவைத் தன் பக்கம் உறிஞ்சி இழுத்தது. காலை வெயில் பின்னாலிருந்து ஊடுருவ, அந்தச் சுவர் முழுக்கப் பச்சை வெளிச்சமாகி நின்றது. உள்ளே ஒரு பாசித் துணுக்கு சுழல்வதுகூடத் தெரிந்தது. இவ்வளவு பெரிய ஒன்று சத்தமே இல்லாமல் எழ முடியுமா? அபிதாவுக்குத் தான் யார், எந்த ஊர், வயசென்ன என்பதெல்லாம் அற்றுப்போயிற்று. அம்மா தாயே, அம்மா தாயே என்று வாய் மட்டும் முணுமுணுத்தது.

அந்தப் பச்சையின்மேல் ஜீவிதா எழுந்தாள். அலையின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு கையைச் சுவரில் தடவியபடி, நேராக இவளை நோக்கி வந்தாள். சூரியன் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. அபிதா அழுத்தினாள். அடுத்த கணம் அலை உடைந்து அவளைச் சுருட்டிப் போட்டது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. நாலு உருளல் உருண்டு, மூக்கு வழியே கடலைக் குடித்து, கரை மணலில் வந்து விழுந்தபோதும் டப்பாவை மட்டும் நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தாள். சிரித்தாள், இருமினாள், அழுதாள். மூன்றும் ஒன்றாக வந்தது.

படத்தை அபிதாகூடச் சரியாகப் பார்க்கவில்லை. சொட்டச் சொட்ட மூன்று பேரும் சந்துக்கு ஓடினார்கள். சலேத்தம்மா ஒரு வவ்வால் மீனின் செதிளைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, டப்பாவின் பின்பக்கத்துத் திரைமேல் குனிந்தாள்.

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மீன் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, "வவ்வால் என்னா விலை?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு முணுமுணுத்தபடி போய்விட்டாள். ஜீவிதா நகத்தைக் கடித்தாள். அபிதா எட்டித் திரையைப் பார்த்தாள். வாய் திறந்திருக்கிறது, கண் அகலமாக இருக்கிறது, பயம் என்று நினைத்துவிடுவாளோ? நாமே காட்டிக்கொடுத்துக் கெடுத்துவிட்டோமோ?

"மா, அது பயம் இல்லம்மா" என்றாள் ஜீவிதா, தாங்க முடியாமல்.

"சும்மா இருடி. எனக்குத் தெரியாதா?"

மறுபடி குனிந்தாள். ஈரம் காயாத விரல் நுனியால், திரையில் படாமல், அந்த முகத்தைச் சுற்றி மெள்ள ஒரு வட்டம் போட்டாள்.

"துணிக்கடைக்காரன்கிட்ட வரலைனு சொல்லிடு."

ஜீவிதா கத்திய கத்தலில் கூரைமேல் காக்கைகள் கிளம்பிப் பறந்தன. சவுரிமுத்து விசிலடித்தான். சலேத்தம்மா மட்டும் நிமிரவில்லை.

"பெத்ததுலேர்ந்து இருபது வருசமா இவ மூஞ்சியப் பாத்துக்கினு கீறேன் மேடம். வூட்ல ஒரு நாளாச்சும் இந்த மூஞ்சிய எனக்குக் காட்டினதில்ல."