திருமூர்த்தி ஆஸ்பத்திரி தேர்ந்தெடுத்த விதம்

1

முடிவை வாசகர் தலையில் கட்டுவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம். இந்தக் கதையில் அது நடக்காது. முதுகெலும்புள்ள ஒரு முடிவு தமிழ்ச் சிறுகதைக்கு இன்று கிடைக்கப்போகிறது.

கதை எனக்குக் கிடைத்தது திருப்பூர் நல்லூரில், ஒரு காதுகுத்துப் பந்தியில். எதிர்வரிசையில் திருமூர்த்தி, பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட்டின் முதலாளி. ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே சொன்னார்:

“சாயப்பட்டறையத் தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சவனுக்கு ஆஸ்பத்திரி எம்மாத்திரமுங்க? அதுவும் ஒரு யூனிட்டுதானுங்க.”

பக்கத்து இலையில் அவர் மனைவி மதுமதி. ஏழாம் மாதம். அப்பளத்தை நொறுக்கினாள்; அவ்வளவுதான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘மதுமதியின் வயிற்றில் ஒரு நிலவு—’ வேண்டாம்.

‘மருத்துவம் வணிகமாகிவிட்ட இக்காலத்தில்—’ இது கல்லூரி ஆண்டு மலருக்கு ஆகும்.

‘திருமூர்த்தி செருப்பைக் கழற்றாமல் பிரசவ அறைக்குள் எட்டிப் பார்த்தார்.’ இது இருக்கட்டும்.

எட்டிப் பார்த்தது மெயின் ரோட்டு ஐந்து மாடி ஆஸ்பத்திரியில். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஆடிட்டர் தன் யூனிட்டைக் குடைவதுபோலவே அவரும் குடைந்தார். தீயணைப்புக் கருவி, அவசர வழி, ஜெனரேட்டர், பெண்கள் கழிவறை. கடைசியில் டாக்டரிடம் கேட்டார்:

“ரிஜெக்‌ஷன் எவ்வளவு பர்சன்ட்டுங்க?”

பழுதென்று ஒதுக்கும் பனியனின் கணக்கு அது. டாக்டருக்குப் புரியவில்லை. இருந்தாலும் “மினிமம்” என்றார். கூட வந்திருந்த மதுமதியின் பக்கம் டாக்டர் திரும்பவே இல்லை. திருமூர்த்திக்குப் பரம திருப்தி. அறை பேசி முடித்தார். சொந்தபந்தம் முழுக்க அன்றே சொல்லியும் விட்டார்.

[இந்த இடத்தில் ‘டெலிவரி’ என்ற சொல்லை வைத்து ஒரு நகைச்சுவை இருந்தது. திருப்பூரில் எல்லாரும் அதைச் சொல்லிவிட்டார்கள். எடுத்துவிட்டேன்.]

3

திருமூர்த்தியின் அம்மா பழனாயிக்கு ஒரே வழிதான் தெரியும். “எதுக்கும் முருகங்கிட்டப் பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணு சாமி.”

பூக் கேட்பது தெரியாதவர்களுக்கு: வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி, சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்பது. எந்த நிறம் வருகிறதோ அது உத்தரவு.

“பூக் கேட்டுத்தான போர் போட்டீங்க? ஆயிரம் அடியில பொகதான வந்துச்சு,” என்றார் திருமூர்த்தி. “அதுவுமில்லாம முருகனே பொய்கையில பொறந்தவரு. ஆஸ்பத்திரியப் பத்தி அவருக்கென்னுங்கம்மா தெரியும்?”

4

மதுமதியைக் கதையில் வைத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாகவே இருந்தது. பேசாத பாத்திரம் பாரம். ஆனால் அந்த ஐந்து மாடி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், காரில், அவள் பேசிவிட்டாள்.

“ஏனுங்க, பனியன் பீஸச் செக் பண்றப்ப பீஸுகிட்ட யாராச்சும் கேப்பாங்களா?”

“என்னத்த?”

“மூத்தவனுக்கு வயித்தக் கிழிச்சாங்க. எதுக்குன்னு உங்களக் கூப்புட்டு வராண்டாவுல சொன்னாங்க. எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லலீங்க. நீங்களுந்தான். இந்தத் தடவ எம்மொகத்தப் பாத்துப் பேசற டாக்டருதான் வேணும். மண்ணரைக்குப் போலாமுங்க.”

மண்ணரையில் டாக்டர் விஜயகுமாரியின் ஆஸ்பத்திரிக்கு மாடியே கிடையாது. சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போனார்கள். திருமூர்த்தி தொண்டையைச் செருமுவதற்குள், “நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க,” என்றார் டாக்டர்.

உட்கார்ந்தார். ஜெனரேட்டரைத் தேடினார், இருந்தது. ஆபரேஷன் தியேட்டர், அதுவும் இருந்தது. குறை சொல்ல ஏதுமில்லாமல் அவதிப்பட்டார். உள்ளே நெடுநேரம் பேச்சுச் சத்தம். பிறகு மதுமதி சிரித்தாள். முதல் பிள்ளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர்—

[இந்த வாக்கியத்தை முடித்தால் கதை உருகிவிடும். விட்டுவிடுகிறேன்.]

5

ஆக, சிக்கல் இதுதான். ஐந்து மாடி என்று ஊரெல்லாம் சொன்னவர், பெண்டாட்டி சொன்னாள் என்று மண்ணரைக்கு எப்படி மாறுவார்?

முடிவு ஒன்று: நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: மதுமதி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். (பிரசவத்துக்கு எப்படியும் போவாள். கோபம் என்றே யாருக்கும் தோன்றாது.)

நடந்தது வேறு. வெள்ளிக்கிழமை காலை திருமூர்த்தி, அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு முருகன் கோயிலில் நின்றார். வெள்ளை வந்தால் மண்ணரை, சிவப்பு வந்தால் ஐந்து மாடி. பொட்டலங்களை அவரே கட்டி வந்திருந்தார். பழனாயி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

“முருகனே சொல்லிப்போட்டான். இனி யார் கேட்டா என்ன?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அம்மா.

மற்றப் பொட்டலம் திருமூர்த்தியின் சட்டைப் பைக்குள் போனது.

அன்று அவருக்குப் பூ விற்ற சந்தனம் அக்காவிடம் பிறகு விசாரித்தேன். “செவப்பே வேண்டாம்னுட்டாருங்க,” என்றார்.

6

கோயில் படியில் மதுமதி கை நீட்டுகிறாள். “அதையுங் குடுங்க, பிரிச்சுப் பாக்கலாம்.”

“அதெல்லாம் பிரிக்கக் கூடாது. சாமி காரியம்.”

அவள் கையை மடக்கவில்லை. அவர் பையைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கொடுத்தாரா?

இரண்டு விதமாகவும் எழுதினேன். எதை வைப்பதென்று தெரியவில்லை. இரண்டு தாளையும் மடித்து உங்கள் முன் போட்டிருக்கிறேன். மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுங்கள்.

மற்றதைப் பிரிக்க வேண்டாம்.