தம்பியின் முனகல்

ஒலிப்பதிவாளரின் குரல் போனது சண்டை நடந்த அந்த மதியம்தான். அதே நொடியில் அவர் தம்பியின் குரலும் போனது. ஒருவர் பேசும்போது மற்றவரும் வாயால் ஏதாவது சத்தம் எழுப்பினால் மட்டும் ஒரு குரல் வரும், அதுவும் தகரத்தைத் தேய்த்த மாதிரி. இன்றைக்குத் தண்ணீர் வராது என்பதைப் போலத்தான் தெருவில் இதைச் சொல்லிக்கொண்டார்கள்.

காரணம் ரிங் மாடுலேட்டர் என்ற பெட்டி. உள்ளே போக இரண்டு துளை, வெளியே வர ஒன்று. ஒரு துளையில் சீரான ரீங்காரத்தையும் மறு துளையில் நடிகனின் பேச்சையும் கொடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிப் பேய் பேசுவது போல வெளியே வரும். ஒரு துளை சும்மா இருந்தால் ஒன்றுமே வராது. அண்ணனுடைய ஸ்டுடியோவில் பேய்க்கும் அரக்கனுக்கும் குரல் கொடுப்பவன் தம்பிதான். அன்று மைக் முன்னால் நின்றுகொண்டே, "என் தொண்டை இல்லாட்டி நீ இங்க ஈ ஓட்டிட்டுதான் இருக்கணும்" என்றான். "என் பெட்டி இல்லாட்டி உன்னுது கோழித் தொண்டைடா" என்று கத்திய அண்ணன், அவனை அடக்குகிற ஆத்திரத்தில் ரீங்காரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் தன் மைக்கைச் செருகினார். பெட்டி இருவர் குரலையும் விழுங்கியது. அதைக் கழற்றிப் பார்த்தார்கள். தொண்டை டாக்டரும் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கேயும் பழுதில்லை.

ஒருவன் 'ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தால் போதும், மற்றவன் தாராளமாகப் பேசலாம். அந்த 'ம்'மைத்தான் இருவரும் கொடுக்கவில்லை. தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டும் போகவேண்டும் என்கிற ரகம். ஸ்டுடியோவில் ஒட்டடை தொங்கியது. தம்பி மாடியில், அண்ணன் கீழே, வருஷங்கள் ஓடின. அண்ணனுக்குப் பிறந்த மகள் அப்பாவின் குரலைக் கேட்காமலே நடக்கப் பழகினாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத வயிற்றெரிச்சலில் அவர் மாடிப்படியைச் செருப்பால் அடிப்பார். மேலே தம்பி சத்தமில்லாமல் சிரிப்பான். அவனுக்கும் வேறு வழியில்லை.

ஒரு மாலை பந்து கேட்டைத் தாண்டித் தெருவுக்கு உருண்டது, குழந்தையும் பின்னாலேயே ஓடியது. திருப்பத்தில் லாரி. அண்ணன் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அப்படிப் பார்க்கத்தான் அவன் இத்தனை நாள் காத்திருந்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான். 'ம்' என்றான். "நில்லுடி" என்று தகரக் குரல் ஒன்று தெருவையே உலுக்கியது. குழந்தை நின்றது. லாரி போனது.

சமாதானம் ஒன்றும் ஆகவில்லை. நன்றி சொல்ல அண்ணன் வாயெடுத்தார். தம்பி உதட்டை இறுக மூடிக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து இருட்டத் தொடங்கியதும் அவன் மாடிப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முனகுவான், அண்ணன் மகளுக்குக் கதை சொல்வார். கதை முடிந்ததும் காறித் துப்பிவிட்டு மேலே போவான். பதிலுக்கு அண்ணன் ஒரு நாளும் முனகியதில்லை, அவனும் கேட்டதில்லை. பள்ளிக்கூட வாசலில் மற்ற அப்பாக்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்த மகள், "அவங்களுக்கெல்லாம் படியில உக்காந்து முனக யாரும் இல்லையாம்மா?" என்றாள்.

"அதுக்கும் கொடுப்பினை வேணும்" என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள்.