மாப்பிள்ளை வீட்டில் படுக்காதவர்

சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் என் போன் அடித்தால் அது அவினோதான். அன்றும் எடுத்தேன். திரையில் அவளுடைய மோவாயும் கூரையின் ஒரு மூலையும்தான் தெரிந்தன. பின்னால் அவள் அப்பா ஒபோன்யோவின் குரல் கேட்டது. "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. உங்க வீட்டுக்காரர் வந்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. தொப்பிய மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுவேன்." யாரோ தெரிந்தவர் வீட்டுப் பெண்ணிடம் விடைபெறுகிற மாதிரி, பெற்ற மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அவினோ என்னைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "ஆரம்பிச்சிட்டார் சிஸ்டர்" என்றாள்.

நான் நைரோபியில் மறதி நோய்க்கான கிளினிக்கில் நர்ஸ். கொரோனா வந்து கிளினிக்கை மூடியதிலிருந்து என் வேலை முழுக்க இந்தப் போனில்தான். அப்பாவை விடுதியில் விடலாமா, அம்மாவைப் பூட்டி வைக்கலாமா, தூக்க மாத்திரை கொடுத்தால் பாவமா என்று குடும்பங்கள் கேட்கும். முடிவை நான் சொல்லக் கூடாது, அவர்கள் யோசிக்கும்போது கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்த மகராசர்கள் யாரும் ஊரடங்கு நேரத்தில் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவை ஆட்டுகிற மனுஷரைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியே போலீஸ் தடியோடு சுற்றுகிறது. வயசு பார்த்தா அடிப்பார்கள்?

ஒபோன்யோ ஏரிப் படகுத் துறையில் டிக்கெட் அதிகாரியாக இருந்தவர். மார்ச்சில் எங்கள் கிளினிக்கில் காட்ட ஏரிக்கரை ஊரான ஹோமா பே பக்கத்திலிருந்து வந்தார். திரும்பிப் போவதற்குள் நகரத்தை அடைத்துவிட்டார்கள். மகள் பெயர் மறந்துவிட்டது, பேரக்குழந்தைகள் மறந்துவிட்டார்கள், ஆனால் ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. எங்கள் லுவோ இனத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அப்பா ராத்தங்கக் கூடாது. பகலில் வரலாம், வயிறாரச் சாப்பிடலாம், பொழுது சாயும்போது எழுந்து போய்விட வேண்டும். வாடகை வீட்டுக்கு அதெல்லாம் கணக்கில்லை என்று நகரத்தில் எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கதவு திறக்காது என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். விடியும்வரை நிமிர்ந்தே இருப்பார். படுக்காவிட்டால் தங்கினதாகாது என்பது அவர் கணக்கு. இப்படியே வாரக்கணக்கில் போய், கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று ஆகியிருந்தது. ஒருமுறை நாற்காலியோடு சாய்ந்து நெற்றியைப் பிளந்துகொண்டார்.

அன்றைக்கு இது மட்டும் இல்லை. அவினோவின் வீட்டுக்காரன் விக்ளிஃப் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிப் போகும் வேன் டிரைவர். இரண்டு நாளாக இருமுகிறான். மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துப் போயிருந்தார்கள், முடிவு இன்னும் வரவில்லை. இருக்கிறது என்று வந்தால் வீட்டோடு அள்ளிக்கொண்டு போய் ஏதோ பள்ளிக்கூட விடுதியில் அடைத்துவிடுவார்கள். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். முகமூடி போட்டவர்கள் நடுவில் ஒபோன்யோ தனியாக, யார் என்ன என்று தெரியாமல். அவினோவுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஊரிலிருக்கும் தன் தம்பி டோபியாஸையும் அழைப்பில் சேர்த்தாள். அவன் எடுத்த எடுப்பிலேயே என்மேல் பாய்ந்தான்.

"நீங்க பேசிக்கிட்டே இருங்க சிஸ்டர், எங்கப்பா உக்காந்தே செத்துப் போவாரு. காலைல ஒரு லாரி வெங்காயம் இறக்கிட்டு காலியாத் திரும்புது. டிரைவர் நம்ம ஆளு. தார்ப்பாய்க்கு அடியில படுக்க வெச்சு அனுப்பச் சொல்லுங்க."

"அவர் என்ன மூட்டையாடா?" என்றாள் அவினோ.

"இங்க அவர் கூரை இருக்கு, அவர் கட்டில் இருக்கு. வந்த அன்னிக்கே தூங்கிடுவாரு. நீ நகரத்துல வெச்சுக்கிட்டு என்னத்தப் பாத்துக் கிழிச்ச?"

நான் குறுக்கே புகுந்தேன். "டோபியாஸ், உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"நான், அவ, மூணு புள்ளைங்க. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு." சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான்.

"விக்ளிஃபுக்கு இருக்குன்னு வந்திருந்தா, அப்பவும் அனுப்பச் சொல்வீங்களா?"

"இன்னும் வரலியே சிஸ்டர்" என்றான், குரல் இறங்கிப் போய். "அதான் சொல்றேன். வர்றதுக்குள்ள அனுப்பிடுங்க."

அவன் கெட்டவன் இல்லை. அப்பாவைப் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அதற்காகத் தன் பெண்டாட்டியின் மூச்சையும் பணயம் வைக்கத் துணிந்துவிட்டான். தெரியாமல் இருக்கும்போதே செய்துவிட்டால் தப்பில்லை என்று பயம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்போது உள்ளறையிலிருந்து விக்ளிஃப் பேசினான். "நான் வேன்ல படுத்துக்கிறேன். முற்றத்துலதான நிக்குது. இருமலும் வீட்ட விட்டுப் போகும். நான் இல்லாத வீடுன்னா மாமாவும் படுப்பாரு."

அட, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று இருந்தது. "நல்ல முடிவு" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். விக்ளிஃப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு, மாமனார் பக்கம் மூச்சு படாமல் சுவரை ஒட்டி நடந்து வெளியே போனான். லாரி வேண்டாம் என்று அவினோ தம்பியிடம் சொன்னாள். அவன் போனை வைத்தான்.

அவள் அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். இந்த முறை அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. "அப்பா, அவர் வேலைக்குப் போயிட்டார். திரும்பி வர நாளாகும். இப்ப இது உங்க பொண்ணு மட்டும் இருக்கிற வீடு. கொஞ்சம் படுங்கப்பா."

அவர் யோசித்தார். தொப்பியை மடியில் வைத்துத் தடவினார். படுத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். வெளியே யாரோ இருமினார்கள். அவர் ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார்.

"அந்த வண்டில படுத்திருக்கிறது யாரு?"

அவினோ திரையை இழுத்து மூடப் போனாள்.

"வீட்டுக்காரரத் துரத்திட்டு விருந்தாளி படுக்கிறதா? என்னம்மா இது, நம்மள யாருன்னு நினைப்பாங்க?"

விக்ளிஃப் போன பிறகு கதவைப் பூட்டவில்லை என்பது எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. அதற்குள் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவினோ போனோடு ஓடினாள். திரை குலுங்கியது, சுவர், வானம், அவள் செருப்பு என்று மாறி மாறி வந்தது. ஊரடங்குக்கு வாசல் கேட்டை அடைத்திருந்தார்கள். அதற்கு வெளியே போலீஸ் ஜீப் ஒன்று மெதுவாகப் போகிற சத்தம் கேட்டது. "சத்தம் போடாத, கையப் பிடிச்சு இழுக்காத" என்று நான் கிசுகிசுத்தேன். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதற்குக் கிசுகிசுத்தேனோ.

ஒபோன்யோ வேன் கண்ணாடியை விரல் மடக்கித் தட்டினார். விக்ளிஃப் எழுந்து அவசரமாக முகமூடியைப் போட்டான். கண்ணாடியை இன்னும் மேலே ஏற்றினான்.

"மாமா, கிட்ட வராதீங்க. உள்ள போங்க மாமா."

"மாப்பிள்ளை" என்றார் அவர்.

வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரையும் அவர் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவினோ அப்படியே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை, நீங்க போய் உங்க கட்டில்ல படுங்க. என்னால உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வேண்டாம்."

"என்னால முடியாது மாமா."

"அப்ப என்னாலயும் முடியாது."

சொல்லிவிட்டு அவர் சண்டை போடவில்லை. சுற்றிலும் பார்த்தார். மேலே மாடிகளில் சிலர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றி வேனின் சக்கரத்துமேல் வைத்தார். ஒரு கையை ஊன்றி, அந்த வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக நீட்டி, சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்தார். யார் கூரையும் இல்லாத இடம். அவர் விட்ட மூச்சு போனில் எனக்கே கேட்டது. இரண்டு தடவை கண்ணை இமைத்துவிட்டுத் தூங்கிப் போனார்.

நைரோபியின் மே மாதக் குளிர். லேசாகத் தூற ஆரம்பித்தது. அவினோ ஓடிப்போய்ப் போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். குனிந்து, என் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள்.

"சிஸ்டர், எழுப்பட்டுமா? விட்டுடட்டுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவளுக்குப் பின்னால், வேனுக்குள் விக்ளிஃபின் போன் வெளிச்சம் எரிந்தது. முடிவு சொல்லக் கூப்பிடும் ஆஸ்பத்திரி நம்பர் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் அதை எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். கிழவர் தூக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்.